முதன்முதலாக ஆய்வகத்துக்குள் போகிறீர்களா? செய்முறை வகுப்பைச் சிக்கலில்லாமல் முடிக்க ஒரு வழிகாட்டி

முதல் பருவத்தில் நான் செய்த தனி ஊசல் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 10.88 என்று வந்தது. வரவேண்டியது 9.8 வாக்கில். வரைபடமோ நூல் பிடித்ததுபோல நேராக, ஆதிப்புள்ளி வழியாகவே போனது. இவ்வளவு அழகான கோடு எப்படித் தப்பாக இருக்கும் என்று இரண்டு இரவு கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டேன். ரெக்கார்டு (நல்ல பிரதியாக எழுதும் நோட்டு) திரும்பி வந்தது. மூன்றாவது வாரம் ஆசிரியர் ஒருவர் என் எண்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடிகாரத்தை அழுத்தும்போது வாயில என்னப்பா சொல்வே?" "ஒண்ணு, சார்" என்றேன். "அப்போ நீ எண்ணினது பத்தொன்பது அலைவு. இருபது இல்ல."

ஊசல் ஒருமுறை போய்த் திரும்பினால் ஓர் அலைவு. தொடக்கத்தில் 'பூச்சியம்' என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லா அளவீட்டிலும் ஒரே தப்பைச் செய்ததால் வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று கருவியைக் கழற்றும் முன் ஒரே ஒரு அளவீட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், இரண்டு நிமிட வேலை. மாறாக, மறுசோதனைக்கு விண்ணப்பம், காத்திருப்பு, தள்ளிப்போன அறிக்கை என்று ஒரு மாதம் போனது.

செய்முறை வகுப்பில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அறிவியல் தெரியாததால் இல்லை. வேலையைச் செய்யும் வரிசை தெரியாததால் போகிறது. அந்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். இயற்பியல், வேதியியல் எடுத்துக்காட்டுகளே மிகுதி. மற்ற பாடங்களுக்கும் வரிசை இதுதான்.

1. முதல் வாரம்: தாள்களும் கையெழுத்துகளும்

முதல் வகுப்பில் கைக்கு வரும் தாள்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பொதுவாக நான்கு வகைத் தாள்கள் வரும்.

சோதனை அட்டவணை. எந்த வாரம் எந்தச் சோதனை, அறிக்கை எத்தனை நாளில் தர வேண்டும், தாமதத்துக்கு எவ்வளவு மதிப்பெண் குறையும், எத்தனை வகுப்பு தவறினால் பருவமே செல்லாது என்பதெல்லாம் இதில் இருக்கும். அறிக்கை நாட்களை அன்றே உங்கள் நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். குழுக்கள் வெவ்வேறு சோதனையைச் சுழற்சி முறையில் செய்யும் இடங்களில் நண்பரின் அட்டவணையைப் பார்த்து ஏமாறுவது சர்வசாதாரணம்.

பாதுகாப்பு உறுதிமொழி. இதில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். உடல்நிலை பற்றிக் கேட்கும் பகுதி இருந்தால் மறைக்காதீர்கள். ஆஸ்துமா, ரப்பர் கையுறை ஒவ்வாமை, கர்ப்பம், வலிப்பு ஆகியவற்றை முன்கூட்டியே சொன்னால் மாற்று ஏற்பாடு செய்ய முடியும். நிறக்குருடு இருப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். தரம்பார்த்தலில் (ஒரு கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மற்றதன் செறிவைக் காண்பது) நிறமாற்றம் தெரியவில்லை என்றால் பி.எச். மானி வைத்து அதே முடிவுப்புள்ளியை, அதாவது வினை முடியும் கட்டத்தை, காணலாம். அதைக் கேட்க வெட்கப்பட்டு ஒரு பருவம் முழுக்க அடுத்தவரிடம் "நிறம் மாறிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே கிடைத்திருக்கும்.

கருவிப் பட்டியல். உங்கள் அலமாரியில் இருக்கும் கண்ணாடிப் பொருட்களின் பட்டியல் இது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விளிம்பு உடைந்த பிப்பெட் (குறித்த அளவு திரவத்தை எடுக்கும் குழாய்), கீறல் விழுந்த பீக்கர், ஒழுகும் ப்யூரெட் (அளவுக்கோடு போட்ட, அடியில் திறந்து மூடும் நீளக் குழாய்) எது இருந்தாலும் அன்றே பட்டியலில் எழுதி, லேப் உதவியாளரின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் முந்தின ஆண்டு யாரோ உடைத்ததற்குப் பருவ இறுதியில் நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

மதிப்பீட்டு விதி. முன்தயாரிப்பு, நோட்டு, அறிக்கை, வைவா (வாய்மொழித் தேர்வு) என்று மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதைப் பாருங்கள். 'சரியான விடை' என்பதற்குப் பல இடங்களில் சிறு பங்குதான். இது தெரிந்தால், விடை தப்பாக வந்ததும் எண்களைத் திருத்தும் ஆசை வராது.

2. எதை வாங்குவது, எங்கே காசு போகும்

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். பருத்தியாலான நீளக்கை மேலங்கி ஒன்று. செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தியே நல்லது. பொத்தானைவிட, இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் அழுத்துப்பொத்தான் பாதுகாப்பானது. மேல் வகுப்பு மாணவர்களிடம் பழையது கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே பொருந்துகிற பெரிய வகையைப் போட்டுப்பார்த்து வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் அரை மணியில் நெற்றிக்கு ஏற்றிவிடுவீர்கள்; நெற்றியில் இருக்கும் கண்ணாடியால் கண்ணுக்குப் பயனில்லை.

தைத்த நோட்டு ஒன்று, சாதாரண அறிவியல் கால்குலேட்டர், மையால் எழுதும் பேனா, கண்ணாடியில் எழுதும் மார்க்கர், 30 செ.மீ. ஒளிபுகும் அளவுகோல். இவ்வளவே. துறையே தரும் கையுறை, வடிதாள் போன்றவற்றை முன்கூட்டி வாங்காதீர்கள். வரைபடம் வரையும் மென்பொருளுக்கும் காசு தர வேண்டியதில்லை; இலவச விரிதாள் மென்பொருள் போதும்.

உண்மையில் காசு போவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று உடைந்த பொருட்கள். உடைந்ததும் சொல்லிவிட்டால் பெரும்பாலும் சிறு தொகையோடு முடியும். மறைத்தால் அடுத்தவர் கையைக் கிழிக்கும். மற்றது, வருகை குறைந்தோ அறிக்கை தராமலோ அந்தப் பாடத்தையே மறுபடி எடுப்பது. இந்தச் செலவுக்கு முன் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

3. முந்தின நாள் ஒரு மணி நேரம்

கையேட்டை மூன்று தடவை வாசிப்பதைவிட, ஒரு தடவை வாசித்துவிட்டு மூடிவைத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று நோட்டில் உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். எங்கே எழுத்து நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை.

பிறகு அட்டவணைகளை முன்கூட்டியே போட்டு வையுங்கள். தலைப்பில் அளவின் பெயரும் அலகும் இருக்கட்டும். ப்யூரெட் அட்டவணை என்றால் தொடக்க அளவு, இறுதி அளவு, கழித்துவந்த கனஅளவு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். 'கழித்த விடையை மட்டும் எழுதினால் போதாதா' என்று நினைப்பவர்கள்தான், கழித்தலில் தப்பு வந்தால் திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லாமல் நிற்பார்கள்.

அடுத்தது, வரப்போகும் விடையை முன்கூட்டியே கணித்து வையுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எடுத்துக்காட்டாக, 0.05 மோலார் (லிட்டருக்கு 0.05 மோல்) ஆக்சாலிக் அமிலக் கரைசல் 25 மி.லி.யைச் சுமார் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கப் போகிறீர்கள். ஆக்சாலிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறில் காரத்தோடு வினைபுரியும் ஹைட்ரஜன் இரண்டு. ஆகவே ஏறத்தாழ 25 மி.லி. காரம் செலவாக வேண்டும். இந்த '25'ஐப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு ப்யூரெட் 12.5 காட்டினாலோ 36 காட்டினாலோ உடனே ஏதோ இடறுகிறது என்று தெரிந்துவிடும்.

எடைபோட வேண்டிய அளவையும் வீட்டிலேயே கணக்கிடுங்கள். பாட்டிலில் இருப்பது நீர்மூலக்கூறுள்ள வடிவமா என்று பார்ப்பது முக்கியம். ஆக்சாலிக் அமிலம் வழக்கமாக இரண்டு நீர்மூலக்கூறுகளோடு வரும். மோலார் நிறை 126.07. நீரற்றதன் 90.03ஐ எடுத்துக் கணக்கிட்டு எடைபோட்டால் செறிவு சுமார் 29 சதவீதம் குறைந்துவிடும். 250 மி.லி.யில் 0.05 மோலார் வேண்டுமென்றால் 1.576 கிராம். சரியாக இதே எடையைப் பிடிக்க அரை மணி நேரம் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். 1.5 முதல் 1.65 வரை எதுவானாலும் சரி, எடுத்த எடையைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு செறிவைக் கணக்கிட்டால் போதும்.

4. பாதுகாப்பு: நான்கு விஷயம்

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று உண்டு. 16 பகுதிகள், எல்லாம் படிக்க நேரமிருக்காது. ஆபத்தைச் சொல்லும் 2ஆம் பகுதியும் முதலுதவியைச் சொல்லும் 4ஆம் பகுதியும் கட்டாயம்.

அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. சோடியம் ஹைட்ராக்சைடு அமிலத்தைவிடச் சாது என்று பலர் நம்புகிறார்கள். கண்ணுக்கு அது அமிலத்தைவிடக் கேடு. திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். கண்ணில் எது பட்டாலும் கூச்சல் போட்டு உதவிக்கு ஆள் கூப்பிட்டு, இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண் கழுவும் குழாய் எங்கே என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். அந்த நேரத்தில் தேட முடியாது.

சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தொடும் முன் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள்.

முடியைக் கட்டுங்கள், மூடிய செருப்பு அணியுங்கள், உள்ளே எதையும் சாப்பிடாதீர்கள். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

5. மூன்று மணி நேரத்தைப் பங்கிடுவது

பெரும்பாலான வகுப்புகள் மூன்று மணி நேரம். அதில் அளவீட்டுக்குக் கிடைப்பது ஒன்றரை மணிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும், காத்திருக்க வேண்டியவற்றை முதலில் தொடங்குங்கள். நீர்த்தொட்டி சூடாக நேரம் பிடிக்கும். நிறமாலை ஒளிமானியின் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) விளக்கு நிலைப்பட 15 முதல் 30 நிமிடம் ஆகலாம். வந்ததும் அதைப் போட்டுவிட்டு மற்றதைக் கவனியுங்கள். தராசு அறையில் முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் கூடுவார்கள். வேகமாகப் போய் முதல் ஆளாக நில்லுங்கள், அல்லது ப்யூரெட்டைக் கழுவி நிரப்பிவிட்டுக் கூட்டம் கலைந்ததும் போங்கள். நடுவில் வரிசையில் நிற்பதுதான் நேர விரயம்.

கடைசி நாற்பது நிமிடத்தைத் தொடாமல் வையுங்கள். இருபது நிமிடம் கணக்கைச் சரிபார்க்க, இருபது நிமிடம் கழுவி அடுக்க. அந்தக் கணக்கைப் பற்றி 8ஆம் படியில் சொல்கிறேன்.

6. நோட்டில் எழுதும் முறை

சில இடங்களில் ஒரே நோட்டு. சில இடங்களில் அளவீட்டு நோட்டு தனி, நல்ல பிரதியாக எழுதும் ரெக்கார்டு தனி. எப்படியானாலும், கருவியில் பார்த்த எண் முதலில் விழ வேண்டிய இடம் நோட்டுதான். உள்ளங்கை, துண்டுத்தாள், செல்போன் எதுவும் வேண்டாம். துண்டுத்தாளைக் கழுவும் தொட்டியில் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

பக்கங்களுக்கு எண் போடுங்கள். தேதி எழுதுங்கள். மையால் எழுதுங்கள். தப்பாக எழுதியதை ஒரே கோட்டால், கீழே இருப்பது தெரியும்படி அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதிக் காரணத்தையும் இரண்டு சொல்லில் குறியுங்கள். வெள்ளை மை வேண்டவே வேண்டாம். 'தப்பு' என்று நீங்கள் அடித்த எண் ஒரு மணி நேரம் கழித்துச் சரியாகிப்போவது நடக்கும்.

எண்ணை மட்டுமல்ல, கண்ணில் பட்டதையும் எழுதுங்கள். 'மூன்றாவது முறை குமிழி வெளியேறியது', 'மின்விசிறி ஓடியது, தராசு ஆடியது', 'கரைசல் லேசான மஞ்சள்'. அறிக்கையின் ஆய்வுப்பகுதி எழுத உட்காரும்போது கைகொடுப்பவை இந்த வரிகள்தான். கருவியின் எண்ணையும் குறியுங்கள். அடுத்த வாரம் அதே தராசில் சரிபார்க்க வேண்டியிருக்கலாம்.

வகுப்பு முடிந்ததும் அளவீட்டுப் பக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தால், அதை வாங்காமல் கிளம்பாதீர்கள். கையெழுத்தில்லாத பக்கத்துக்கு அறிக்கை ஏற்கமாட்டார்கள். பக்கத்தைச் செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இது காப்புப் பிரதிக்கு மட்டும்.

7. அளக்கும்போது வழுக்கும் இடங்கள்

தரம்பார்த்தலில் எதை எதால் கழுவுவது என்பதில்தான் குழப்பம் மிகுதி. ப்யூரெட்டை, அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே கடைசியாக அலசுங்கள். பிப்பெட்டையும் அப்படியே. கூம்புக் குடுவையை மட்டும் வாலைவடிநீரால் அலசுங்கள், கரைசலால் அலசக்கூடாது. காரணம் எளிது: ப்யூரெட்டிலும் பிப்பெட்டிலும் தண்ணீர் ஒட்டியிருந்தால் கரைசல் நீர்த்துப்போகும். குடுவையிலோ நீங்கள் பிப்பெட்டால் அளந்து விட்ட மோல்களின் எண்ணிக்கைதான் கணக்கு. தண்ணீர் கூடினாலும் அந்த எண்ணிக்கை மாறாது, கரைசல் ஒட்டியிருந்தால் கூடிவிடும்.

ப்யூரெட்டை நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு சொட்டு அதிலிருந்து விழுந்தால் அளவு போயிற்று. குழாய்க்குக் கீழே நுனியில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் குழாயை முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டு வெளியேற்றுங்கள். 50 மி.லி. ப்யூரெட்டில் ஒரு பிரிவு 0.1 மி.லி. இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணால் மதிப்பிட்டு 0.05 வரை எழுதலாம். ஆகவே '24.6' என்று எழுதாமல் '24.60' என்று எழுதுங்கள். கண்ணைத் திரவமட்டத்துக்கு நேராக வைத்து, குழிந்த மட்டத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலில் அடி தெரியாது. மேல்விளிம்பைப் பாருங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் அதையே.

பிப்பெட் நுனியில் கடைசியாக நிற்கும் துளியை ஊதித் தள்ளாதீர்கள். குடுவையின் சுவரில் நுனியைத் தொட்டு எடுத்தால் போதும். அந்தத் துளி உள்ளேயே நிற்கும் என்று கணக்கிட்டுத்தான் வழக்கமான பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

பீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டியில் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவுப்புள்ளி. அதற்குப் பிறகு மங்கினால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். இன்னொரு சொட்டு விடாதீர்கள். அடர் சிவப்பு வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள், அந்த அளவீட்டை அடித்துவிடுங்கள். முதல் முறை வேகமாக விட்டு உத்தேசம் கண்டுகொள்ளுங்கள். அடுத்தடுத்த முறைகளில் அதற்கு ஒரு மி.லி. முன்னாலேயே நிறுத்தி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் இரண்டு அல்லது மூன்று அளவு கிடைக்கும்வரை செய்யுங்கள். சராசரி எடுக்கும்போது உத்தேச அளவைச் சேர்க்கக்கூடாது.

பெர்மாங்கனேட் சோதனையில் பழுப்புக் கலங்கல் வந்தால் பெரும்பாலும் அமிலம் போதவில்லை. நீர்த்த கந்தக அமிலம்தான் சேர்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட் குளோரினாக மாற்றிவிடும். ஆக்சாலிக் அமிலத்தைச் சுமார் 60 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கியிருந்தாலும் முதல் சில சொட்டுகளின் நிறம் மெதுவாகத்தான் போகும். அவசரப்பட்டு மேலும் ஊற்றாதீர்கள். உருவாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்தும், பிறகு மளமளவென்று போகும்.

ஊசலுக்கு வருகிறேன். ஒரு மீட்டர் ஊசலின் ஓர் அலைவு சுமார் 2 விநாடி. கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 விநாடி தாமதிக்கலாம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் பிழை பத்தில் ஒரு பங்கு. இருபது அலைவை அளந்து வகுத்தால் இருநூறில் ஒரு பங்கு. குண்டு நடுநிலையைக் கடக்கும் நொடியில் அழுத்துங்கள். அங்கேதான் அது வேகமாகப் போகிறது, கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். வீச்சுக் கோணம் சிறியதாக இருக்கட்டும். நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். எண்ணும்போது பூச்சியத்தில் தொடங்குங்கள்.

வெர்னியர், திருகு அளவி இரண்டிலும் முதலில் பூச்சியப் பிழையை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் அளவு) பார்த்து, குறியோடு எழுதுங்கள். மின்சுற்றில் அம்மீட்டர் தொடரில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில். மல்ட்டிமீட்டரின் கம்பி மின்னோட்டத் துளையிலேயே இருக்க, மின்னழுத்தம் அளக்கப்போய் ஃபியூஸ் எரிவது அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். அளவீடுகளுக்கு நடுவே சுற்றை அணைத்து வையுங்கள், கம்பி சூடானால் மின்தடை மாறும்.

நுண்ணோக்கியில் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். உயர் உருப்பெருக்கத்தில் பெரிய திருகைத் தொட்டால் கண்ணாடித் தகடு உடையும்.

8. கழுவும் முன் கணக்கு

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். எல்லா அளவீடும் முடிந்ததும், கருவியை அப்படியே வைத்துவிட்டு, ஒரே ஒரு தொகுதி எண்களை எடுத்து இறுதி விடை வரை கணக்கிடுங்கள். முந்தின நாள் ஓரத்தில் எழுதிய உத்தேசத்தோடு ஒப்பிடுங்கள்.

விடை பாதியாகவோ இருமடங்காகவோ இருந்தால் சமன்பாட்டின் எண்களை மறந்திருப்பீர்கள். பத்தின் மடங்கில் விலகினால் அலகுச் சிக்கல், செ.மீ., மீட்டர், மி.லி., லிட்டர் பாருங்கள். ஐந்து, பத்து சதவீதம் மட்டும் விலகியிருந்தால் கணக்கு சரியாக இருந்து அளவீடு தப்பியிருக்கலாம். கரைசல் இன்னும் குடுவையில் இருக்கிறது, ஊசல் இன்னும் தொங்குகிறது. ஒரு தடவை மறுபடி அளந்து பாருங்கள். ஆசிரியரை அழைத்து எண்களைக் காட்டுங்கள். கழுவி அடுக்கிய பிறகு இதில் எதுவுமே முடியாது.

ஒப்பிட்டுவிட்டு எண்ணை மாற்றி எழுதும் ஆசை வரும். வேண்டாம். மறுபடி அளந்து, இரண்டையும் எழுதுங்கள். புனைந்த எண்கள் எளிதில் தெரிந்துவிடும். கடைசி இலக்கம் எப்போதும் பூச்சியமும் ஐந்துமாக இருக்கும், சிதறலே இருக்காது. பிடிபட்டால் போவது அந்த ஒரு சோதனையின் மதிப்பெண் மட்டுமல்ல.

படிகம் தயாரிக்கும் சோதனையில் மட்டும் இதை அன்றே முடிக்க முடியாது, காய வேண்டும். விளைச்சல் 100 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். இரண்டு முறை எடைபோட்டு எடை மாறாதபோதுதான் அது காய்ந்தது. இதற்காக மறுநாள் ஆய்வகம் திறக்கும் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள்.

9. வரைபடமும் பிழைக் கணக்கும்

அன்று மாலையே வரைந்துவிடுங்கள். புள்ளிகளைச் சிறு குறுக்குக்குறியாக இடுங்கள். புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்காமல், எல்லாவற்றுக்கும் நடுவே சிறந்த பொருத்தமாகப் போகும் ஒரே கோடு. சாய்வை அளக்கக் கோட்டின் மேல் தொலைவிலுள்ள இரண்டு இடங்களை எடுங்கள், அளவீட்டுப் புள்ளிகளை அல்ல.

கோடு எங்கே வெட்டுகிறது என்பதையும் பாருங்கள். ஊசலின் நீளத்தைக் குண்டின் நடு வரை அளக்காமல் நூல் முடியும் இடம் வரை அளந்திருந்தால், அலைவுநேரத்தின் இருமடிக்கும் நீளத்துக்கும் வரைந்த கோடு ஆதிப்புள்ளியைத் தவறவிடும். ஆனால் சாய்வு சரியாகவே இருக்கும், விடையும் சரியாக வரும். என் தப்பு இதற்கு நேர்மாறு: கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போயும் சாய்வு தப்பு. எந்தத் தப்பு எங்கே தெரியும், எங்கே தெரியாது என்று இப்படி யோசித்துப் பழகினால் பிழைப் பகுதியை எழுதுவது சுலபமாகிவிடும்.

கால்குலேட்டர் காட்டும் 9.8137462ஐ அப்படியே எழுதாதீர்கள். பிழை 0.05 என்றால் 9.81 ± 0.05. பெருக்கலிலும் வகுத்தலிலும் சதவீதப் பிழைகளைக் கூட்டுங்கள். இருமடி வந்தால் அந்தச் சதவீதம் இரட்டிக்கும். ஊசலில் முடுக்கம் அலைவுநேரத்தின் இருமடியைச் சார்ந்தது; காலம் ஐந்து சதவீதம் பிசகியபோது முடுக்கம் பத்துக்கு மேல் பிசகியது இதனால்தான்.

10. அறிக்கை

முடிவுகளிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அட்டவணை, வரைபடம், மாதிரிக் கணக்கு ஒன்று. பிறகு ஆய்வுப்பகுதி, பிறகு செய்முறை, கடைசியில் முன்னுரை. முன்னுரையில் இரண்டு மணி நேரம் செலவழித்துவிட்டு ஆய்வுப்பகுதிக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு வருவதுதான் வழக்கமான விபத்து. சோதனை முடிந்த மாலை ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம், ஒரு நாள் இடைவெளி விட்டு அரை மணி நேரத் திருத்தம் என்று பிரித்தால் போதும். ஐந்து நாள் தள்ளிப்போட்டால் இதே வேலை இருமடங்காகும். எந்த அளவீடு எதற்கு என்பதே மறந்திருக்கும்.

'மனிதப் பிழை ஏற்பட்டிருக்கலாம்' என்ற வரியை எழுதாதீர்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு பிழைக்கும் மூன்று கேள்வி: விடையை எந்தப் பக்கம் தள்ளும்? எவ்வளவு தள்ளும்? என் எண்களில் அதன் தடம் தெரிகிறதா? 'ப்யூரெட் நுனியிலிருந்த குமிழி நடுவில் வெளியேறியதால் மூன்றாவது அளவு கூடுதலாகத் தெரிகிறது. மற்ற மூன்றிலிருந்து அது 0.4 மி.லி. விலகுகிறது' என்று எழுதினால் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பது தெரியும்.

ஜோடியாகச் செய்தால் எண்கள் ஒன்றுதான், அது தப்பில்லை. வாக்கியங்கள் ஒன்றாக இருக்கக்கூடாது. உங்கள் கோப்பை 'பார்த்துட்டுத் தரேன்' என்று கேட்கும் நண்பருக்கு அனுப்பாதீர்கள். உட்கார வைத்து விளக்குங்கள். ஒரே வரி இரண்டு அறிக்கையில் வந்தால் எழுதியவருக்கும் தண்டனை உண்டு.

11. வர முடியாமல் போனால்

வகுப்புக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு வரி மின்னஞ்சல் போதும், ஆனால் நேரம் பதிவாகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் நீங்கள் நோயுற்ற நாட்களிலேயே பெற்றதாக இருக்கட்டும். குணமாகி இரண்டு வாரம் கழித்து வாங்கப் போனால் மருத்துவரே தயங்குவார். ஈடுசெய்யும் வகுப்பு பெரும்பாலும் பருவத்தின் கடைசியில் ஒரே ஒரு நாள்தான் நடக்கும், இடமும் குறைவு. திரும்பி வந்த அன்றே பெயர் கொடுங்கள். மற்றவரின் எண்களை வைத்து எழுத அனுமதித்தால், அது யாருடைய அளவீடு என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

12. வைவாவும் அதற்குப் பிறகும்

கேள்விகள் உங்கள் நோட்டிலிருந்தே வரும். ஏன் இருபது அலைவு? ஏன் இந்த நிறங்காட்டி? குடுவையைக் கரைசலால் அலசினால் விடை கூடுமா, குறையுமா? சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டு நேரடியாகத் தரக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) தயாரிக்க ஏன் முடியாது? (காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், நீங்கள் எடைபோட்டதில் எவ்வளவு காரம் என்று தெரியாது.) முந்தின நாள் நோட்டைப் புரட்டி, ஒவ்வொரு படிக்கும் 'இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தெரியாத கேள்விக்குச் சுற்றி வளைக்காமல், தெரிந்த இடத்திலிருந்து யோசித்துக் காட்டுங்கள்.

திருத்தி வந்த அறிக்கையில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். சிவப்பு மையில் இருக்கும் குறிப்புகளை நோட்டின் உள் அட்டையில் எழுதி, அடுத்த அறிக்கையைக் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். என் உள் அட்டையில் முதல் வரி 'பூச்சியம்' என்பதுதான். அளவீட்டு நோட்டையும் திருத்திய அறிக்கைகளையும் இறுதி மதிப்பெண் வெளியாகும்வரை பத்திரமாக வையுங்கள். பதிவேட்டில் ஒரு சோதனைக்கு உங்கள் பெயருக்கு எதிரே 'தரவில்லை' என்று இருந்தால், காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது அது மட்டும்தான்.